இருட்டில் ஒரு கேள்வி, ஒரு பதில்

கோடை அந்தியில் அமெரிக்கப் புல்வெளிகளில் தாழப் பறக்கும் ஃபோட்டினஸ் பைராலிஸ் மின்மினியைப் பார்க்கப் பார்க்க அலுக்காது. ஆண் சற்றே கீழிறங்கி, மேலே வளையும்போது மஞ்சள் ஒளியால் ஒரு கொக்கியை வரைந்துவிட்டு அணைகிறது. ஏறக்குறைய 6 நொடிக்கு ஒருமுறை அதே வளைவு. புல்லில் காத்திருக்கும் பெண் அவசரப்படுவதில்லை. சுமார் 2 நொடி பொறுத்து, மெல்ல ஒருமுறை மின்னுகிறது. அந்தத் தாமதத்தை வைத்தே தன் இனம் என்று ஆண் அறிகிறது. மறுபடி கேட்கிறது, பதில் பெறுகிறது, கொஞ்சம் நெருங்குகிறது. சத்தமில்லை, அந்த ஒளியில் சூடும் அநேகமாக இல்லை.

பக்கத்திலேயே ஃபோட்டூரிஸ் என்ற வேறு பேரினத்துப் பெண்ணும் பதுங்கியிருக்கும். பிற இனப் பெண்களின் பதிலை, அதற்குரிய தாமதத்தோடு அப்படியே மின்னிக் காட்டும். நம்பி வந்த ஆணைத் தின்று, அதன் உடலிலுள்ள நஞ்சையும் தனக்குக் காப்பாக்கிக்கொள்ளும். கொடுமைதான், ஆனாலும் பிறர் தாளத்தை இவ்வளவு பிசகாமல் பிடிக்கும் திறமையை மெச்சாமல் இருக்க முடியவில்லை. காதலுக்கும் பசிக்கும் இருப்பது ஒரே விளக்கு. அதை எப்போது ஏற்றுவது, எவ்வளவு பொறுப்பது என்பதில்தான் இந்தச் சின்னப் பூச்சிகளின் கலை முழுவதும் இருக்கிறது.