தனிச்செவியும் பொதுச்செவியும்

கலை ஒன்றை ஆராயப் புகுவோர் அதன் பொருளையும் வடிவையும் ஆராய்வதோடு நிறைவு கொள்ளுதல் வழக்கம். அக்கலை எவ்விடத்தில், எவ்வாறு துய்க்கப்படுகிறது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. பண்டைத் தமிழர் இதனையும் எண்ணினர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவி ஆடவிருக்கும் அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என்று அளவிட்டு உரைக்கிறது. தூண்களின் நிழல் இடையூறு செய்யாதவாறு விளக்கு அமைத்த திறத்தையும் மறவாது குறிக்கிறது. ஆடுவோர் திறம் எத்துணைச் சிறந்ததாயினும், அது காண்போர் கண்ணுக்கும் கேட்போர் செவிக்கும் முறையாகச் சென்று சேர்தல் வேண்டும் என்பதே இதன் கருத்தாகும்.

அவ்வரங்கு இன்று வீட்டுக் கூடத்துக்குள் வந்து சேர்ந்துள்ளது. சுவரை நிறைக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும், வேண்டிய படத்தை வேண்டிய பொழுதில் கொணரும் இணையமும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர் இல்லங்களில் இப்பொழுது புதுமை அல்ல. படம் எவ்வளவு பெரிதாகத் தெரிதல் வேண்டும் என்பதில் செலுத்தும் கருத்தை, ஒலி எவ்வழியாக வருதல் வேண்டும் என்பதில் பலர் செலுத்துவதில்லை. ஒலிபெருக்கியின் வழியே கூடமெங்கும் பரவுவதா? ஹெட்போன் வழியே ஒருவர் செவிக்குள் மட்டும் புகுவதா? இது கடைத்தெருவில் தீர்த்துக்கொள்ளத்தக்க சிறு வினா அன்று. திரைப்படத்தை மதிப்பிடும் முறையையும், இல்லத்தில் தமிழ் வழங்கும் நிலையையும் தொடும் வினா ஆகும்.

ஹெட்போனை நாடுவோர் கூறும் காரணங்கள் வலுவுடையன. இன்றைய தொலைக்காட்சிப் பெட்டிகள் மெலிந்துவிட்டன. அவற்றின் ஒலிபெருக்கிகளோ சிறுத்துப்போய், பார்ப்போரை நோக்காமல் கீழ்நோக்கியும் பின்னோக்கியும் அமைந்துள்ளன. படத்தின் ஒலி பெரும்பாலும் திரையரங்கிற்கென வகுக்கப்படுவது. அதில் முணுமுணுப்புக்கும் வெடியோசைக்கும் இடையே மிகப் பெரிய வேறுபாடு உண்டு. வீட்டில் காண்போர், காதலர் பேசும்போது ஒலியைக் கூட்டுவதும், வில்லன் வந்தவுடன் விரைந்து குறைப்பதுமாக, ரிமோட்டைக் கையிலிருந்து கீழே வைக்க இயலாமல் தவிக்கின்றனர். தகரக் கூரையின் மேல் மழை கொட்டும் மாலையில் உரையாடலில் பாதி மழையோடு போய்விடுகிறது.

அண்டை வீட்டார் நலனும் கருதத்தக்கதே. அடுக்குமாடி வீடுகளில் தடித்த தாழொலி சுவரையும் தளத்தையும் எளிதில் கடந்துவிடும். சிங்கப்பூரில் அக்கம்பக்கத்து ஓசை பற்றி ஆராய்ந்த குழு, இரவு 10 மணி முதல் காலை 8 மணி வரை அமைதி நேரமாகக் கொள்ளலாம் என 2022-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. இரவு வேலை முடித்து வந்து பகலில் உறங்கும் தந்தை உள்ள வீட்டில் ஹெட்போன் ஓர் அறச்செயலே ஆகிறது. இவற்றை மறுப்பார் இலர்.

இனி, கலை வழியாகவும் ஹெட்போனுக்கு ஒரு சிறப்பு உண்டு. 1987-ஆம் ஆண்டில் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய ‘பேசும் படம்’ இதற்கு நல்ல சான்று. பெயரில் பேச்சு உண்டு. படத்தில் உரையாடல் ஒன்றும் இல்லை. கமல்ஹாசன் ஏற்ற வேலையற்ற இளைஞனின் வறுமையும் ஆசையும் அச்சமும், முகக்குறிப்பாலும் மெய்ப்பாட்டாலும் சூழலின் ஓசைகளாலுமே உணர்த்தப்படுகின்றன. சொல் நீங்கிய இடத்தில் ஓசை சொல்லின் பணியை ஏற்கிறது. இத்தகைய படத்தை ஹெட்போனில் கேட்பவர், கூடத்தின் மின்விசிறி இரைச்சலில் மறைந்துபோகும் நுண்ணோசைகளையும் தெளிவாகப் பெறுகிறார். உரையாசிரியர் ஒருவர் ஏட்டைக் கண்ணருகே கொணர்ந்து எழுத்தெண்ணிப் படித்தலை இது போன்றது.

ஆயின், அருகே கொணர்ந்து காண்பது ஒன்று. உரிய தொலைவில் நின்று காண்பது மற்றொன்று. முன்னே நிற்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை இரு செவிகளையும் அடைகிறது. இடப்பக்கத்து ஓசை இடச்செவியை முதலிலும், வலச்செவியைச் சற்றுப் பின்னரும் சற்றுக் குறைந்தும் சேர்கிறது. அக்கால வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே. எனினும் அத்துணைச் சிறு வேறுபாட்டையும், காதுமடலில் பட்டு ஓசை அடையும் மாற்றத்தையும் கொண்டே, ஓசை எத்திசையில் எழுந்தது என்பதை மூளை அறிந்துகொள்கிறது. தலையைத் திருப்பினால் இவ்வேறுபாடுகள் மாறும்; ஓசை மட்டும் தன் இடத்திலேயே நிற்கும்.

ஹெட்போனில் இவ்வியற்கை முறை மாறிவிடுகிறது. இடப்பக்கத்து ஓசை இடச்செவிக்கே, வலப்பக்கத்து ஓசை வலச்செவிக்கே செல்கிறது. தலையைத் திருப்பினால் ஓசையுலகம் முழுதும் தலையோடு சேர்ந்து திரும்புகிறது. இருபுறமும் ஒன்றாக வரும் குரலோ முன்னே உள்ள திரையிலிருந்து வருவதாகத் தோன்றாமல், கேட்பவர் தலைக்குள்ளேயே எழுவதாகத் தோன்றுகிறது. நடிகர் எதிரே நிற்கிறார். அவர் குரல் மண்டைக்குள் ஒலிக்கிறது. பழைய படங்களின் ஒலி ஒற்றைத் தடத்தில் பதியப்பெற்றதாதலின், அவற்றில் இக்குறை மிகுதியும் புலப்படும். தலையசைவை அளந்து அதற்கேற்ப ஒலியை மாற்றித் தரும் புதிய ஹெட்போன்கள் இக்குறையைக் குறைக்கின்றன. எல்லார் செவிக்கும் ஒரே அளவில் அவை பொருந்துவதில்லை.

பின்வந்த படங்களின் நிலை வேறு. 1995-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குருதிப்புனல்’ டால்பி சூழொலியை இந்தியத் திரையில் முதன்முதல் கையாண்ட படம் எனப் போற்றப்படுவது. 2012-ஆம் ஆண்டில் ‘சிவாஜி’ முப்பரிமாண வடிவில் மீண்டும் வந்தபோது, தலைக்கு மேலிருந்தும் ஒலி வருமாறு அமைத்த டால்பி அட்மாஸ் முறையில் ஒலித்தது. இவ்வாறு பல திசைகளுக்கெனப் பிரித்த ஒலியை இரண்டே தடங்களாகச் சுருக்கும்போது, நடுவில் வரவேண்டிய உரையாடல் இருபுறமும் பங்கிடப்பட்டு இசையோடு கலக்கிறது. மேலும், ஆழ்ந்த தாழொலியைச் செவி மட்டும் கேட்பதில்லை. நெஞ்சும் இருக்கையும் தரையும் சேர்ந்து உணர்கின்றன. உறுமி மேளம் அதிரும்போது உடல் சிலிர்ப்பது அதனாலன்றோ! செவியை மட்டும் மூடி அமரும் கருவி அவ்வுணர்வைத் தருதல் அரிது.

உடல்நலமும் ஈண்டு நினைக்கத்தக்கது. உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் வகுத்த நெறியின்படி, வளர்ந்தவர்க்கு வாரத்திற்கு 40 மணி நேரம் 80 டெசிபல் அளவும், சிறுவர்க்கு அதே நேரம் 75 டெசிபல் அளவும் எல்லையாகும். 3 டெசிபல் கூடுந்தோறும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறையும். ஒலிபெருக்கியை மிகைப்படுத்தினால் அன்னையோ அண்டை வீட்டாரோ கடிந்துகொள்வர். ஹெட்போனில் சிறுவன் ஒலியை மிகைப்படுத்தினால் கடிந்துகொள்ள ஒருவரும் அறியார்.

இதுகாறும் கூறியவை கருவியைப் பற்றியன. இதனினும் பெரிய வினா கேட்போரைப் பற்றியது. திரைப்படங்களே இதற்கு விடை தருகின்றன. ஏ.வி.எம். நிறுவனம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அந்த நாள்’ பாடலே இல்லாத தமிழ்ப்படம். அதனை இயக்கியவர் வீணை வித்தகர் எஸ். பாலச்சந்தர் என்பது வியப்பிற்குரியது. இசைவல்லார் ஒருவர் பாட்டை விலக்கிவிட்டு, ஓசையையும் உரையாடலையும் நம்பிக் கதை நடத்தினார். 1943-ஆம் ஆண்டுச் சென்னையில், ஜப்பானியர் குண்டுவீச்சால் நகரம் அஞ்சிக் கிடந்த காலத்தில், வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். அத்துப்பாக்கி ஓசையைக் கேட்டு அண்டை வீட்டார் ஒருவர் காவல் நிலையத்திற்கு ஓடுகிறார். அவர் செவி வழியேதான் கதை தொடங்குகிறது. ஒரு வீட்டின் ஓசை மறுவீட்டின் செவிக்கு எட்டுவது அங்கே தொல்லை அன்று. மக்கள் ஒருவர்க்கொருவர் காவலாய் வாழ்வதன் அடையாளம்.

‘பேசும் படம்’ இதனை நகைச்சுவையால் காட்டுகிறது. நெரிசல் மிக்க விடுதியில் வாழ்ந்த இளைஞன், செல்வர் தங்கும் உயர்தர ஓட்டலுக்குச் சூழ்ச்சியால் குடிபுகுகிறான். பஞ்சணை உண்டு, குளிர்காற்று உண்டு, எல்லாவற்றினும் மேலாக அமைதி உண்டு. உறக்கம் மட்டும் இல்லை! பழைய விடுதிக்கு அருகேயிருந்த திரையரங்கின் ஆரவாரத்தில் உறங்கிப் பழகியவனுக்கு அவ்வமைதியே பகையாகிறது. முடிவில் அவ்விரைச்சலை ஒலிநாடாவில் பதிந்து கொணர்ந்து, அதனைக் கேட்டுக்கொண்டே உறங்குகிறான். சிரிக்க வைக்கும் காட்சிதான். எனினும் சிரிப்பு அடங்கியபின் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. பிறர் அருகிருக்கிறார் என்று செவி அறிதலே மனிதனுக்கு ஓர் அமைதி. ஹெட்போனுக்குள் இருந்துகொண்டு அக்காட்சியைத் தனியே கண்டு சிரிப்பவர், அதன் பொருளில் பாதியை இழந்தவராகிறார்.

இக்கருத்து தோட்டப்புறங்களை அறிந்தோர்க்குப் புதிதன்று. தகவல் இலாகாவின் வண்டி வந்து திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய நாள்களில், ஒலிபெருக்கியின் குரல் கரகரத்தது. காற்று வீசினால் பாதி உரையாடல் ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டது. ஆயினும் ஒருவர்க்குக் கேளாததை மற்றவர் சொன்னார். விளங்காததை முதியவர் விளக்கினார். படம் முடிந்த பின்னும் லயங்களில் அப்பேச்சு வாரக்கணக்கில் நடந்தது. கருவி தாழ்ந்தது, கேள்வி உயர்ந்தது.

அத்திடலின் எச்சமே இன்றைய வீட்டுக் கூடம். பாட்டி, “என்னம்மா சொன்னான்?” என்று வினவுகிறாள், பேத்தி திருப்பிச் சொல்கிறாள். மதுரைப் பேச்சிலோ கொங்குப் பேச்சிலோ வந்த ஒரு சொல் பேத்திக்கு விளங்கவில்லை. அதனைப் பாட்டி விளக்குகிறாள். படம் இடையில் நிறுத்தப்படுகிறது. தாத்தா அச்சொல்லுக்கு ஒரு பழமொழியும் சேர்க்கிறார். பள்ளியில் ஒரு பாடவேளையில் நடைபெறாத மொழிப்பயிற்சி அங்கே நடைபெறுகிறது. நால்வரும் நான்கு ஹெட்போன் அணிந்து நான்கு திரைகளைப் பார்க்கும் வீட்டில், ஒலி எவ்வளவு தூய்மையாக இருந்தபோதிலும், இவ்வினாவும் விடையும் எழுவதில்லை.

இவ்விழப்பு சிறிதன்று. சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உடையோருள், வீட்டில் தமிழையே மிகுதியும் பேசுவோர் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காட்டினர், 2020-ஆம் ஆண்டில் 2.5 விழுக்காட்டினர். இதற்குக் காரணங்கள் பல. ஹெட்போனின் மேல் அப்பழியைச் சுமத்துதல் முறையன்று. எனினும், இல்லத்தில் தமிழ் ஒலிக்கும் வாய்ப்புகள் அருகிவரும் நாளில், எஞ்சியுள்ள ஒரு வாய்ப்பையும் செவிக்குள் அடைத்து மூடுதல் அறிவுடைமை ஆகாது. திருக்குறள் ‘கல்வி’, ‘கல்லாமை’ எனும் அதிகாரங்களை அடுத்துக் ‘கேள்வி’க்கெனத் தனி அதிகாரம் வகுத்ததன் நோக்கத்தை ஆசிரியர்கள் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். கேள்வி என்பது ஓசை செவியில் விழுவது மட்டும் அன்று. சொல்வோரும் கேட்போரும் கூடியிருப்பதும் ஆகும்.

“ஒரே படத்தை இருவர் இரு ஹெட்போன்களில் ஒருங்கே கேட்கலாமே” எனச் சிலர் வினவலாம். கேட்கலாம், அது தனியே கேட்பதினும் நன்று. ஆயினும் செவியை மூடிய இருவர், ஒருவர் சிரிப்பை மற்றவர் கேட்பது எங்ஙனம்? நகைச்சுவை பிறர் நகையால் வளர்வது. அழுகை பிறர் மௌனத்தால் ஆழ்வது. அவையைக் காணாத நூலை அரங்கேறாத நூல் என்று கருதிய மரபு தமிழ் மரபு. செவி மூடிய இடத்தில் அவை இல்லை.

ஆதலின் இரண்டிற்கும் உரிய இடத்தை வகுத்துக்கொள்வதே நெறி. படத்தை முதன்முறை காணுங்கால் வீட்டார் கூடியிருந்து, அண்டை வீட்டாரை வருத்தாத அளவில், ஒலிபெருக்கியில் காணுதல் வேண்டும், அது அரங்கேற்றம். பின்னர் ஒலியமைப்பை நுணுகி ஆராய விரும்புவோர் ஹெட்போனில் மீண்டும் கேட்டல் வேண்டும். அஃது உரை காணுதல். படத்தின் ஒலியைப் புகழ்ந்தோ பழித்தோ எழுதும் திறனாய்வாளர் எக்கருவியில் கேட்டார் என்பதையும் கூறுதல் கடமை. ஹெட்போனில் மட்டும் கேட்டுவிட்டு, “ஒலி திரையோடு ஒட்டவில்லை” எனத் தீர்ப்புரைப்பது படத்திற்கு இழைக்கும் அநீதி. தொலைக்காட்சியின் சிறு ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டு, “உரையாடல் விளங்கவில்லை” எனக் குறைகூறுவதும் அத்தகையதே.

செவித்திறன் குன்றிய முதியோர்க்கு ஹெட்போன் பெருந்துணை. ஒலிபெருக்கியும் ஹெட்போனும் ஒருங்கே ஒலிக்குமாறு அமைந்த தொலைக்காட்சிப் பெட்டிகளும் உள்ளன. பாட்டி ஹெட்போனில் தமக்கு வேண்டிய அளவில் கேட்க, ஏனையோர் கூடத்தில் இயல்பாகக் கேட்கலாம். அப்போது, “என்ன சொன்னான்?” என்று வினவும் முறை பேத்தியுடையதாகும். பாட்டி ஹெட்போனைச் சற்றே விலக்கிவிட்டு, அவளுக்கு விடை கூறுவாள்.