வசவின் பதிவேடு யார் கையில்?

ஃபேஸ்புக், எக்ஸ், யூடியூப் முதலான கம்பெனிகள் தம்மிடம் குவிந்துகிடக்கும் தரவுகளைக் கல்வித்துறை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட வேண்டுமா கூடாதா என்று உலகெங்கும் வாதம் நடக்கிறது. நம்ம தோழர்கள் பலர் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. 'அது புரபசருங்க சண்டை, நமக்கென்ன' என்று ஒதுங்கிவிடுகிறார்கள். இது நம்ம சண்டை என்றே நான் சொல்வேன். சாதி வசவு இன்றைக்கு ஊருக்கும் சேரிக்கும் நடுவே கிடக்கும் பாதையில் மட்டும் நடப்பதில்லை. செல்போன் திரையில், லட்சம் பேர் பார்க்க நடக்கிறது. வசவு பகிரங்கமாக இருக்கிறது. அதன் பதிவேடு மட்டும் கம்பெனிக்காரன் பெட்டிக்குள் இருக்கிறது. யார் முதலில் போட்டது, கம்பெனியின் எந்திரம் அதை எத்தனை பேர் முகத்துக்கு முன்னால் தள்ளியது, எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள், எல்லாம் உள்ளே.

பதிவேடு என்பது நமக்குச் சின்ன விசயமல்ல. நான் குடியிருக்கும் அம்பத்தூரும், பக்கத்திலுள்ள ஆவடியும் பூந்தமல்லியும் ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம். அந்த மாவட்டத்தின் கலெக்டர் டிரெமன்ஹீர் 1891ல் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892ல் நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. மாகாணம் முழுக்கப் 12 லட்சம் ஏக்கர் என்று நாம் சொல்லிவரும் பஞ்சமி நிலத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அந்த வெள்ளைக்காரர் நமக்கு உறவுமில்லை, பங்காளியுமில்லை. ஆட்சி நடத்துவதற்காகக் கணக்கெடுத்தவர். ஆனால் அவர் எழுதிய காகிதம் ஆவணமாக நின்றது. நூறு வருசம் கழித்து நம்ம ஆட்கள் அதை எடுத்துப் படித்தார்கள். காரணையில் நிலம் கேட்டுப் போனார்கள். 1994 அக்டோபர் 10ல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். ஆவணத்தை எழுதியவன் யார் என்பதைவிட, அதைத் திறந்து படிக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. டிரெமன்ஹீர் அறிக்கை ஒரு கம்பெனியின் சொத்தாக இருந்திருந்தால், பஞ்சமி நிலம் என்ற சொல்லே நம் வாயில் வந்திருக்காது.

இப்போதைய பூட்டுகளைப் பார்ப்போம். ஆய்வாளர்கள் தரவு எடுக்கும் வழிக்கு ஏபிஐ என்று பெயர். ரேஷன் கடை சன்னல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தத் தேதியில் இந்தச் சொல் வந்த பகிரங்கப் பதிவுகளைக் கொடு' என்று ஒரு நிரல் கேட்கும், கம்பெனியின் கணினி அளந்து கொடுக்கும். ட்விட்டர் 2021ல் கல்வி ஆய்வாளர்களுக்கு இந்தச் சன்னலை இலவசமாக அகலத் திறந்தது. மாதம் ஒரு கோடிப் பதிவுகள் வரை எடுக்க முடிந்தது. கம்பெனி கை மாறியதும் 2023ல் சன்னலைச் சாத்திவிட்டார்கள். பெரிய அளவில் வேண்டுமென்றால் மாதம் 42,000 டாலரில் ஆரம்பம் என்று செய்தி வந்தது. ஃபேஸ்புக்கில் எந்தப் பதிவு எப்படிப் பரவுகிறது என்று பத்திரிகைக்காரர்களும் ஆய்வாளர்களும் பார்த்துவந்த கிரவுட்டாங்கிள் கருவியை 2024 ஆகஸ்ட் 14ல் மூடினார்கள். அதற்குப் பதிலாக மெட்டா உள்ளடக்க நூலகம் என்று ஒன்று இருக்கிறது. நூலகம் என்றதும் கன்னிமாரா ஞாபகம் வரக்கூடாது. பல்கலைக்கழகமோ லாப நோக்கமற்ற ஆய்வு நிறுவனமோ உங்கள் பின்னால் நிற்கவேண்டும். ஒரு மையம் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும். அனுமதி கிடைத்தால் அவர்கள் போட்ட வேலிக்குள் நின்று பார்க்கலாம்.

கம்பெனி தானாக மனமிரங்கிக் கொடுப்பதை நம்பவும் முடியாது. 2018ல் ஃபேஸ்புக் பெரிய ஆரவாரத்துடன் ஆய்வாளர்களோடு ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. கொடுத்த தரவில் அமெரிக்கப் பயனாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் விடுபட்டிருந்தது 2021ல்தான் வெளியே தெரிந்தது. அமெரிக்காவுக்கே இந்தக் கதி என்றால் நம்ம கதி என்ன?

நம்மைப் பற்றிய கணக்கை நம்ம ஆட்களே கையால் எடுக்கவேண்டி வந்தது. தேன்மொழி சௌந்தரராஜன் உள்ளிட்டோர் உருவாக்கிய ஈக்வாலிட்டி லேப்ஸ் என்ற தலித் உரிமை அமைப்பு, 2018ல் இந்திய ஃபேஸ்புக்கில் வெறுப்புப் பதிவுகளைத் தேடி, ஆயிரத்துக்கும் மேல் பதிவுசெய்து, புகார் கொடுத்து, என்ன ஆகிறதென்று பார்த்தது. 2019ல் வந்த அறிக்கை சொன்ன கணக்கு: புகார் கொடுத்தவற்றில் 93 விழுக்காடு அங்கேயே கிடந்தன. சாதி வெறுப்பும் முஸ்லிம் வெறுப்பும் அதில் அடக்கம். இது எந்தச் சன்னலும் திறந்து கிடைத்த கணக்கல்ல. கண் வலிக்கப் பார்த்து எழுதிய கணக்கு. கம்பெனியும் ஒரு கணக்கு எடுத்தது. இந்தியாவில் தன்னால் மனித உரிமைக்கு வந்த கேடு என்ன என்று 2020ல் ஒரு வெளிநாட்டுச் சட்ட நிறுவனத்தை வைத்து மதிப்பிட்டது. முழு அறிக்கையை வெளியிடச் சொல்லி உரிமை அமைப்புகள் கேட்டன. 2022 ஜூலையில் சில பக்கச் சுருக்கம் மட்டும் வந்தது. அளந்தவனும் அவன், அளவை மறைத்தவனும் அவன்.

நம் அரசாங்கம் என்ன செய்கிறது? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, 50 லட்சத்துக்கு மேல் பயனாளர் உள்ள தளங்கள் மாதாமாதம் புகார்க் கணக்கு வெளியிட வேண்டும். அதில் சாதி வசவு எத்தனை என்று தனியே காட்டச் சொல்லி விதி கேட்கவில்லை. 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்கு விலக்கு தருகிறது. அதாவது கையில் தரவு இருந்தால் ஆராயலாம். கம்பெனியிடம் கேட்டு வாங்கும் உரிமை அதில் இல்லை. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, தனிநபர் தகவல் என்ற பெயரில் அரசு அலுவலகத்திலும் கதவைச் சாத்த வழி செய்திருக்கிறது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

பூட்டின் வலி ஸ்டேஷனில்தான் தெரியும். எங்க வாசகர் வட்டப் பிள்ளைகள் ஒரு வசவுக் காணொளிக்கு எதிராகப் புகார் எழுதினார்கள். தளம் 'விதிமீறல் இல்லை' என்று பதில் அனுப்பியது. பிறகு போட்டவனே அதை எடுத்துவிட்டான். புகாரோடு போனால், 'லிங்க் எங்கப்பா? போட்டோ எடுத்துக் காட்டினா நான் நம்பணுமா?' என்ற கேள்வி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவதைக் குற்றம் என்கிறது. இணையத்தில் போட்டாலும் அது பொதுப் பார்வைதான் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது. குற்றம் என்று ஒத்துக்கொண்டார்கள். சாட்சியத்தைக் கம்பெனியிடம் விட்டுவிட்டார்கள்.

இன்னொரு பூட்டு மொழியில் இருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். தொல்காப்பியம் உள்ளுறை என்று ஒன்றைச் சொல்லும். வெளியே பூவும் வண்டும், உள்ளே வேறு சேதி. சாதி வசவுக்கும் உள்ளுறை இருக்கிறது. 2012 தருமபுரி எரிப்பை ஒட்டிப் பரப்பிய 'நாடகக் காதல்' என்ற சொல்லில் கெட்ட வார்த்தை ஒன்றுமில்லை. ஆனால் அது ஒரு சாதிப் பையன்கள் மீது வைத்த குறி. 'ஆண்ட பரம்பரை' என்றால் அடிமைப் பரம்பரை யார் என்று சொல்லாமலே சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் கயிற்றின் வண்ணம் திரையில் வண்ண இதயங்களாக வரிசை கட்டுகிறது. 2023ல் நாங்குநேரியில் மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, கயிற்றுக்குத் தடை விதிக்கச் சொன்னது. திரையில் தெரியும் வண்ணத்தை யார் படிப்பது? ஆங்கிலத்தில் பழக்கிய எந்திரத்துக்கு இது காதல் குறி. எங்க தெருவில் பத்தாவது படிக்கும் பையனுக்கு இது மிரட்டல்.

இதனால்தான் 'ஆய்வாளருக்குக் கொடு' என்ற கோரிக்கையை அப்படியே வழிமொழிய எனக்கு மனசில்லை. யார் அந்த ஆய்வாளர்? நிறுவனக் கடிதம், ஆங்கில விண்ணப்பம் என்று சல்லடை போட்டால் கடைசியில் சாவி யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. நம்ம காயத்தை எண்ணி, அட்டவணை போட்டு, வெளிநாட்டு மாநாட்டில் வாசித்துவிட்டுப் போவார்கள். எண்ணியதை எண்ணப்பட்டவர்களிடம் கொண்டுவந்து தமிழில் சொன்னவர்கள் எத்தனை பேர்? 2011 சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் வீடு வீடாக வந்து சாதி கேட்டார்கள். அந்தச் சாதிக் கணக்கை இன்றுவரை வெளியிடவில்லை. கேட்பது எளிது, திருப்பிக் காட்டுவதுதான் கடினம்.

'அந்தரங்கம் கெட்டுவிடுமே' என்று கம்பெனிகள் ஒரு வாதம் வைக்கின்றன. 2018ல் அம்பலமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா மோசடியைக் காட்டுகின்றன. ஆய்வாளர் என்று சொல்லி எடுத்த தரவு தேர்தல் வியாபாரத்துக்குப் போனது உண்மை. அந்தரங்கத்தின் அருமை நமக்குத்தான் அதிகம் தெரியும். சாதி மறுத்துக் காதலிக்கும் பெண்ணின் செல்போனை யார் யார் தேடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அவள் யாருக்கு என்ன எழுதினாள் என்பதை எந்த ஆய்வாளரும் பார்க்கக்கூடாது. ஆனால் லட்சம் பேர் பின்தொடரும் ஒரு சாதிச் சங்கப் பக்கத்துக்கு என்ன அந்தரங்கம்? 2015ல் ஓமலூர் தலித் பொறியியல் மாணவர் கொலையில் தேடப்பட்டவர், தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸப்பில் பேசிப் பேசிப் பரப்பினார். அந்தக் குரல் ரகசியமா? வலுத்தவனின் பகிரங்கம் திறந்திருக்க வேண்டும், எளியவரின் அந்தரங்கம் மூடியிருக்க வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ்.

வசவு மட்டுமல்ல, நம்ம எழுத்தும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. 1907 முதல் அயோத்திதாசர் நடத்திய 'தமிழன்' இதழ்களை யாரோ பாதுகாத்து வைத்திருந்ததால்தான் ஞான. அலாய்சியஸ் 1999ல் தொகுக்க முடிந்தது. 2016 ஜனவரியில் நம்மை விட்டுப்போன ரோகித் வெமுலாவின் ஃபேஸ்புக் எழுத்துகளை நிகிலா ஹென்றி அதே ஆண்டில் ஆங்கிலத்தில் நூலாகத் தொகுத்தார். ரோகித்துக்கு ஒரு தொகுப்பாளர் கிடைத்தார். 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதில் சாதிப் பெருமைக்குப் பதிலடியாக நம்ம பிள்ளைகள் போட்ட கானாவும் பறையும் நக்கலும் இங்கிருந்து பார்க்க முடியாமல் போயின. அவற்றை யார் தொகுப்பது? நாளைக்கு தலித் இலக்கிய வரலாறு எழுதுகிறவர் எந்தக் கம்பெனியின் வாசலில் போய் நிற்பார்?

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டு, தகுதி பெற்ற ஆய்வாளர் கேட்டால் பெரிய தளங்கள் தரவு கொடுத்தே ஆகவேண்டும் என்கிறது. 2025 அக்டோபரிலிருந்து உள்தரவையும் கேட்க முடிகிறது. டிசம்பரில் எக்ஸ் கம்பெனிக்கு 12 கோடி யூரோ அபராதம் போட்டபோது, ஆய்வாளருக்குப் பகிரங்கத் தரவை மறுத்ததும் குற்றப்பட்டியலில் இருந்தது. ஆனால் அது ஐரோப்பாவுக்கு வரும் கேட்டை ஆராய வந்த சட்டம். நாங்குநேரி அதன் எல்லைக்குள் வராது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை: பகிரங்கப் பதிவுகளைக் கேட்டுப் பெறும் உரிமை இங்கேயும் சட்டமாக வேண்டும். அந்த உரிமை பல்கலைக்கழகத்தோடு நிற்காமல் தலித் அமைப்புகளுக்கும் சிற்றிதழ்களுக்கும் வேண்டும். மாதக் கணக்கில் சாதி வசவுக்குத் தனிக் கட்டம் வேண்டும். நீக்கிய பதிவைக் குறிப்பிட்ட காலம் அழிக்காமல் வைத்து, பாதிக்கப்பட்டவர் கேட்டால் சான்றோடு கொடுக்க வேண்டும். நம்மை வைத்து எடுத்த ஆய்வு தமிழில் நம்மிடம் திரும்ப வேண்டும். சட்டம் வரும்வரை கை கட்டி நிற்கத் தேவையில்லை. எங்க வட்டத்தில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். தேதி, நேரம், முகவரி, போட்ட பக்கம், அதன் உள்ளுறை என்ன, புகார் கொடுத்தோமா, என்ன பதில். பாதிக்கப்பட்டவர் பெயரை மட்டும் எழுதுவதில்லை. ஒவ்வோர் ஊரிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால், கம்பெனி மறைக்கும் கணக்குக்கு எதிரே வைக்க நம்மிடம் ஒரு கணக்கு இருக்கும். இதழின் வாசகர்கள் இதுபற்றி எழுத வேண்டும், விவாதிக்க வேண்டும்.