அன்புக்கு மொழி வேண்டும்

வயதான பெற்றோரை எந்த இல்லத்தில் சேர்ப்பது என்று தேடுகிறவர்களுக்கு இப்போது ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. கோவையில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் முதியோர் குடியிருப்புகள் பெருகப் பெருக, போய்ப் பார்க்கும்போது என்னென்ன கேட்க வேண்டும் என்ற பட்டியல்களும் பெருகியிருக்கின்றன. கழிப்பறையில் கைப்பிடி உண்டா, தரை வழுக்குமா, ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வரும், முன்பணம் திரும்பக் கிடைக்குமா. எல்லாம் கேட்க வேண்டியவையே. ஆனால் மறதி நோய் வந்தவர்களுக்கான இல்லங்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பட்டியல்களோடு ஒரு சமாதானமும் சேர்ந்தே வருகிறது. நினைவு தப்பியவருக்கு மொழி ஒரு பொருட்டில்லை, தொடுதலும் புன்னகையும் போதும், அன்புக்கு மொழி தேவையில்லை என்பது அது. விளம்பரத்தில் மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். நல்ல மனிதர்களே இதை நம்பிச் சொல்கிறார்கள். இது தவறு. கோவிந்தாபுரம் போன்ற தமிழக–கேரள எல்லை ஊரில் ஆபத்தான தவறு.

இல்லங்களின் பக்கம் இருக்கும் நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பாவம் என்று ஊர் பேசிய காலம் மங்கி வருவது நல்லது. வீட்டில் வைத்துப் பார்ப்பது என்றால் பெரும்பாலும் மருமகளோ மகளோ தன் வேலையையும் தூக்கத்தையும் உடம்பையும் இழப்பது என்றே பொருள். வீட்டில் கட்டிப்போடுவதும் அறையில் பூட்டுவதும் நடக்காமல் இல்லை. நல்ல இல்லத்தில் விழுவது குறைகிறது, மருந்து நேரத்துக்குக் கிடைக்கிறது, பேச ஆள் இருக்கிறார்கள். 2021 கணிப்பின்படி கேரள மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், தமிழ்நாட்டில் 13.6. நாட்டிலேயே முதல் இரண்டு இடங்கள் இவைதாம். அறுபது கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கும் என்று முதியோரிடையே நடத்தப்பட்ட லாஸி-டாட் ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரையும் குடும்பங்களே தனியாகத் தாங்க முடியாது. இல்லங்கள் வேண்டும். என் சண்டை இல்லங்களோடு அல்ல, அவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையோடு.

கோவிந்தாபுரத்திலிருந்து தேடுகிறவரின் நிலையைப் பாருங்கள். பொள்ளாச்சி–கொல்லங்கோடு சாலையில் சோதனைச் சாவடி. இந்தப் பக்கம் கேரளத்தின் சித்தூர் தாலுகா, முதலமடை பஞ்சாயத்து. அந்தப் பக்கம் ஆனைமலை. மாந்தோப்பில் வேலை செய்யும் குடும்பங்களில் வீட்டுப் பேச்சு தமிழ், அதிலும் கொங்குத் தமிழ். வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்களும் உண்டு. பறம்பிக்குளம் வரை நீளும் இதே பஞ்சாயத்தில் காடர், மலசர் குடிகளின் பேச்சு வேறு. பள்ளியிலும் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பெரும்பாலும் மலையாளம். மகன் பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் சரளமாகப் பேசுவார். அவர் இணையத்தில் தேடினால் கொச்சியும் திருச்சூரும் பெங்களூரும் கோவையும் வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ப் பார்க்கிறார். மேலாளர் நான்கு மொழி பேசுகிறார். தோட்டம் அழகாக இருக்கிறது. மகனுக்குப் புரிகிற மொழியில் எல்லாம் நடப்பதால், அம்மாவுக்கும் புரியும் என்று எடுத்துக்கொள்கிறார்.

அம்மா அந்த மேலாளரோடு வாழப் போவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும்போது பக்கத்தில் இருக்கிற ஒரு அட்டெண்டரோடு வாழப் போகிறார். அந்த வேலைக்குச் சம்பளம் குறைவு, நேரம் அதிகம். ஆகவே வெகு தொலைவிலிருந்து வருகிறவர்களே அதற்குக் கிடைக்கிறார்கள். ஒடிசா, அசாம், ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளைகள் எவ்வளவு பொறுமையாக வேலை செய்கிறார்கள் என்று நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த தமிழ் 'சாப்பிடு', 'தூங்கு', 'உட்காரு' என்ற மூன்று ஏவல்கள்தாம் என்றால், எண்பது வயதுப் பெண்ணின் மிச்ச வாழ்க்கை அந்த மூன்று ஏவல்களுக்குள் சுருங்குகிறது.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவது, எல்லை மக்களுக்கு இரண்டு மொழியும் தெரியுமே என்பது. தெரியும். அது மூளைக்கு நல்லதுங்கூட. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடியும் உடன் ஆய்வாளர்களும் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசுகிறவர்களுக்கு மறதி நோய் சுமார் நான்கரை ஆண்டு தாமதமாக வருவதாகக் கண்டார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. ஆனால் அது நோய் வருவதற்கு முந்தைய கதை. வந்த பிறகு பலரிடம் பின்னாளில் கற்ற மொழி முதலில் தளர்கிறது. சிறுவயதுப் பேச்சு கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது. எல்லோருக்கும் இப்படியே ஆகும் என்றில்லை. பிறந்ததிலிருந்தே இரண்டையும் பேசியவர் இரண்டையும் கலந்தே பேசிக்கொண்டிருக்கலாம். அந்தக் கலவையும் கோவிந்தாபுரத்துக்காரருக்குப் புரியுமே தவிர கோட்டயத்திலிருந்து வந்த ஹோம் நர்ஸுக்குப் பாதிதான் புரியும். மலையாளமும் தமிழும் பக்கத்து வீடுதானே என்கிறவர்கள், நன்றாக இருக்கிறவர்களின் பேச்சை வைத்துச் சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறவர் புரியாவிட்டால் வேறு மாதிரி சொல்லிப் பார்ப்பார், கை காட்டுவார், ஊகிப்பார். நோய் முதலில் பறிப்பதே அந்தச் சாமர்த்தியத்தைத்தான்.

விளைவு என்ன ஆகும் என்று ஓர் இரவை எடுத்துக்கொண்டு யோசித்தால் போதும். எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர் மலம் கழிக்க வேண்டும் என்றால் 'வெளிக்குப் போகோணும்' என்பார். கொங்குத் தமிழ் அறியாதவர் காதில் அது வெளியே போக வேண்டும் என்று விழும். மறதி நோயாளிகள் வழி தவறிப் போவார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆகவே அட்டெண்டர் கதவைத் தாழிடுவார். பாட்டி கதவைத் தட்டுவார். கையைப் பிடித்துக் கட்டிலுக்கு இழுத்தால் தள்ளிவிடுவார். படுக்கை நனையும், அசிங்கமாகும், வெட்கத்தில் அழுவார், திட்டுவார். காலையில் பதிவேட்டில் ஏறுவது: இரவில் கொந்தளிப்பு, வெளியேற முயற்சி, ஊழியரைத் தாக்கினார். இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் நடந்தது அதுவல்ல. மருத்துவர் வருவார். பதிவேட்டைப் பார்ப்பார். கொந்தளிப்பை அடக்கும் மனநோய் மாத்திரை எழுதுவார்.

அந்த மாத்திரை சாதாரணமானதில்லை. மறதி நோயுள்ள முதியவர்களுக்கு இவ்வகை மனநோய் மருந்துகளைக் கொடுப்பது மரண ஆபத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2005-இல் புதிய வகை மருந்துகளுக்கும், 2008-இல் பழைய வகைகளுக்கும் கடுமையான எச்சரிக்கையை அச்சிட வைத்தது. சில நேரங்களில் அவை தேவைப்படலாம். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் புரியாமல் போன ஒரு வாக்கியத்துக்கு அது மருந்து ஆகாது. வலி விஷயத்தில் இன்னும் மோசம். கடுக்குது, குத்துது, இழுக்குது, எரியுது என்று பாட்டி பிரித்துப் பிரித்துச் சொல்வதெல்லாம் 'ஏதோ முனகுகிறார்' என்று ஒன்றாகிவிடும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் முதியவர்களைத் திடீரென்று குழம்பவைக்கும் என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. 'ஒண்ணுக்குப் போனா எரியுது' என்று அவர் தானே சொல்லியும், கேட்டவருக்குப் புரியாததால் நோய் முற்றிவிட்டது என்று குடும்பத்துக்குத் தொலைபேசியில் சொல்லப்படும்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயை வரையறுக்கும்போது சிந்தனை, மனநிலை ஆகியவற்றோடு நினைவாற்றலின் கடுமையான குலைவையும் சேர்க்கிறது. உடலைக் கட்டுப்படுத்துவதை, உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பிலுள்ள மனநல மருத்துவரின் அனுமதியோடு மட்டுமே அதன் 97-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது. மொழி தெரிந்த ஆள் இல்லாததும் ஆள் பற்றாக்குறைதான் என்பேன். மெமரி கேர் என்று பலகை மாட்டியிருக்கும் இடம் இந்தச் சட்டப்படி பதிவு பெற்றிருக்கிறதா, கட்டுப்படுத்தினால் எங்கே பதிகிறார்கள் என்று கேட்கும் மகன்களை நான் கண்டதில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு வெளியிட்ட மாதிரி வழிகாட்டியின் கவனம் முக்கியமாகக் கட்டடத்திலும் விற்பனை ஒப்பந்தத்திலும் இருக்கிறது. கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டமோ தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத உரிமை தருகிறது. மாவட்ட அதிகாரிக்குத் தமிழில் மனு எழுத உரிமை உள்ள ஒரு பெண், தண்ணீர் வேண்டும் என்று தமிழில் கேட்டால் புரிந்துகொள்ள ஆள் இல்லாத அறையில் படுத்திருக்கிறார்.

தொடுதல் போதும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு முற்றிலும் நின்றுபோன கடைசிக் கட்டத்தில் கை பிடிப்பதே எல்லாம் என்பது உண்மை. அந்தக் கட்டத்திலும் குரல் போய்ச் சேர்கிறது. அழைக்கும் முறை போய்ச் சேர்கிறது. வாழ்நாளெல்லாம் 'ஆத்தா', 'அம்மிணி' என்று கூப்பிடப்பட்டவரை 'அம்மச்சி' என்றால் அவர் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அதையும் நோயின் கணக்கில் எழுதுவார்கள். அந்தக் கட்டத்துக்கு முன்னால் பல ஆண்டுகள் இருக்கின்றன. பேச்சு குறைந்தும் குழம்பியும் இருக்கிற, ஆனால் இருக்கிற ஆண்டுகள். பட்டியல்கள் அந்த ஆண்டுகளை எண்ணுவதே இல்லை.

முன்மாதிரி என்று எல்லோரும் காட்டுவது நெதர்லாந்தின் ஹோகவைக் குடியிருப்பை. வேஸ்ப் என்ற ஊரில் 2009-இல் திறந்த அந்த 'மறதியர் கிராமம்' தெருவோடும் கடையோடும் படங்களில் அழகாக இருக்கும். இங்கே அதைப் பார்த்து வந்தவர்கள் தெருவைக் கொண்டுவருகிறார்கள், தோட்டத்தைக் கொண்டுவருகிறார்கள். அங்கே உயிராக இருந்ததோ யாரை யாரோடு ஒரே வீட்டில் வைத்தார்கள் என்பது. முதலில் ஏழு வகை வாழ்க்கைமுறைகளாக வீடுகளைப் பிரித்தபோது, டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் வாழ்ந்து திரும்பியவர்களுக்கென்றே அவர்களுடைய சாப்பாட்டோடும் பழக்கவழக்கத்தோடும் ஒரு வகையை ஒதுக்கினார்கள். கனடாவின் ஸ்கார்பரோவில் 1994-இல் திறந்த யீ ஹாங் இல்லம் சீன முதியவர்களுக்குச் சீன மொழியிலேயே பராமரிப்பு வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகச் சமூகம் பணம் திரட்டி எழுப்பியது. இதெல்லாம் பணக்கார நாட்டுச் சொகுசு என்று ஒதுக்குகிறவர்கள், விலை உயர்ந்த பளிங்குத் தரையை மட்டும் சொகுசாக நினைப்பதில்லை.

கேரளம் இதை ஒழுங்காகச் செய்ய முடியாத மாநிலமும் அல்ல. மருத்துவர் ஜேக்கப் ராய் 1992-இல் தொடங்கிய, மறதி நோயாளிகளுக்கான ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. அமைப்பு இங்கேதான் பிறந்தது. அதனோடு சேர்ந்து அரசு 'ஸ்மிருதிபதம்' திட்டத்தில் குன்னங்குளத்தில் பகல்நேர மையத்தையும் எடவனக்காட்டில் தங்கும் இல்லத்தையும் தொடங்கியது. 2008-இன் வலிதணிப்புக் கொள்கைக்குப் பிறகு பஞ்சாயத்துதோறும் செவிலியர் வீடு தேடிப் போகிறார். அந்த ஏற்பாட்டின் பலமே, வருகிறவர் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துக்காரர், வீட்டுப் பேச்சு புரிந்தவர் என்பது. சித்தூர் தாலுகாவிலும் தேவிகுளம், பீர்மேடு பக்கத்திலும் தமிழ் பேசும் பெண்களுக்கு மறதி நோய்ப் பராமரிப்பில் பயிற்சி கொடுத்து வேலையும் கொடுத்தால் பகல்நேர மையம் ஒன்றை நடத்த ஆள் உள்ளூரிலேயே கிடைக்கும். தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்று லயத்து வீட்டையும் இழக்கிறவர்களுக்கு மலையடிவாரக் குடியிருப்பின் மாதக் கட்டணம் கனவிலும் எட்டாது. அவர்களுக்கு இது ஒன்றுதான் வழி.

அதுவரை, கொச்சியின் நல்ல கட்டடத்தைவிடப் பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ இருக்கும் சுமாரான இடம் கோவிந்தாபுரத்து அம்மாவுக்கு நல்லதாக இருக்கலாம். போய்ப் பார்க்கிறவர்கள் ஞாயிறு காலையில் போக வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பகல் ஊழியர்கள் கிளம்பியதும் போய் ஒரு மணி நேரம் கூடத்தில் உட்காருங்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள், எந்த மொழியில், முதியவர் சொன்னதற்குப் பதில் வருகிறதா என்று கேளுங்கள். அம்மாவால் இன்னும் சொல்ல முடிகிறபோதே அவரையும் கூட்டிப்போங்கள். அவருக்கு வலி வந்தால், மலம் வந்தால், பசித்தால், பயந்தால் என்ன சொல்வார் என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள். முன்பணம் கட்டுமுன், ஒவ்வொரு ஷிப்டிலும், இரவு ஷிப்டில் கட்டாயமாக, அம்மாவின் பேச்சு புரிந்த ஒருவர் பணியில் இருப்பார் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.