சேதுவுக்குக் கண்ணீர்; ஏர்வாடிக்கு?

கலை மக்களை அழவைக்கலாம், அழவைப்பதோடு நின்றுவிடலாமா? 1999 டிசம்பரில் வெளிவந்த பாலாவின் 'சேது' படத்தை முன்வைத்து இந்தக் கேள்வியை எழுப்புகிறோம்.

தலையில் அடிபட்டு மூளை கலங்கிய இளைஞன், மடமொன்றில் காலில் விலங்கோடு கிடக்கிறான். விக்ரமின் நடிப்பைப் பாராட்டுகிறோம். நாடு மூடி மறைத்த விலங்கைத் திரையிலே காட்டிய துணிவையும் போற்றுகிறோம். ஆயின், முடிவென்ன? தெளிவு பெற்றுத் தப்பியவன், காதலி மாண்டது கண்டு, மீண்டும் அந்த மடத்துக்கே திரும்புகிறான். கொடுமையின் சின்னமாகக் கண்ட விலங்கு, புகலிடமாகிவிடுகிறது! அடிபட்ட மூளைக்கு விலங்கு எதற்கு என்ற வினா, காதற் கண்ணீரிலே கரைந்துவிடுகிறது.

இருபது திங்கள் கழிந்தன. கீழக்கரைக்கு அருகே ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. தர்காவை நாடி வந்த மனநோயாளரை அடைத்து வைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டவர்கள் எப்படி ஓடுவர்? 28 பேர் மாண்டனர். எல்லாச் சமயத்தாரும் நாடிவரும் ஊர் அது. எனவே ஒரு சமயத்தைச் சாடிப் பயனில்லை. சாடவேண்டியது, மூளையின் நோயைப் பேயின் வேலையென்று எண்ணும் அறியாமையை!

நினைவு எங்கே இருக்கிறது? 1953-இல் அமெரிக்காவில், ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் வலிப்பு நோயைத் தீர்க்க, ஸ்கோவில் என்னும் மருத்துவர் அவர் மூளையின் இருபுறத்திலும் ஒரு பகுதியை அகற்றினார். மன்னார் வளைகுடாவில் வாழும் கடற்குதிரையின் வடிவை ஒத்த பகுதி அது. வலிப்பு குறைந்தது, புதிய நினைவு பதியும் ஆற்றலோ போயிற்று. இளமைக்காலத்தை நினைவுகூர்ந்தவர், சற்றுமுன் பேசியவரை அறியார்! கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முன்னாள் வரைந்தது மட்டும் நினைவில்லை. 2008-இல் மறையும்வரை அந்நிலையே. அவரைப் பேய் பிடிக்கவில்லை. மூளையில் ஒரு பகுதி இல்லை, அவ்வளவே.

2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மனநோயாளரைச் சங்கிலியிடுவதை அறவே தடைசெய்துவிட்டது. சட்டம் கண்ட தெளிவைக் கலை காணவேண்டாமா?

தோழர்களே! சேதுவுக்காகச் சிந்திய கண்ணீரைக் குறைகூறோம். அதைத் துடைத்துவிட்டு, ஏர்வாடியின் 28 பேரையும் எண்ணிப் பாருங்கள். இனி எழுதப்படும் கதையிலே, தலையில் அடிபட்டவன் மடத்துக்குத் திரும்பவேண்டாம்; மருத்துவமனைக்குச் செல்லட்டும்!