இழப்பைச் சுமப்பவர் யார்?

சிறுசேரி சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் நிறுவனங்கள் மேலைநாடுகளுக்குச் செய்யும் பணி, கடலடி வடங்களை நம்பியே நடைபெறுகிறது. 2024 பிப்ரவரியில் செங்கடலில் அத்தகைய வடங்கள் சில அறுந்தன. அங்கே வணிகக் கப்பல்கள் 2023 நவம்பர் முதலே தாக்கப்பட்டு வந்ததால், ஐரோப்பா செல்லும் சரக்குகள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. பல்லாவரம், ஆம்பூர்த் தோல் வணிகருக்கு இது காலதாமதமாகவும் கூடுதல் கட்டணமாகவும் வந்து சேர்ந்தது. ஆகவே, கண்டங்களை இணைக்கும் வழித்தடங்கள் பற்றிய பேச்சு நமக்குத் தொலைதூர அரசியல் அன்று.

இதற்குத் தீர்வாக இன்று முன்வைக்கப்படுவது இந்தியா–மத்தியக் கிழக்கு–ஐரோப்பா பொருளாதார வழித்தடம். 2023 செப்டம்பர் 9 அன்று, புதுடில்லி ஜி20 மாநாட்டின்போது, இந்தியா, அமெரிக்கா, ஸவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஐரோப்பிய ஒன்றியம் ஆகிய எட்டுத் தரப்பினர் அதன் புரிந்துணர்வு ஆவணத்தை ஏற்றனர். வளைகுடா வரை கப்பல், பின்னர் ரயில், மீண்டும் கப்பல் என்பது திட்டம். ரயில் பாதையை ஒட்டி மின்வடம், தரவு வடம், ஹைட்ரஜன் குழாய் ஆகியனவும் அமையுமாம்.

அந்த ஆவணத்தை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும். சரக்கு கடந்து செல்லும் நாடுகளாக ஜோர்டானும் இஸ்ரேலும் அதில் சுட்டப்படுகின்றன. ஏற்றோர் பட்டியலில் அவ்விரண்டும் இல்லை. ஃபலஸ்தீனின் பெயர் எங்குமே இல்லை. சர்வதேசச் சட்டப்படி எந்த உரிமையையும் கடமையையும் இது உருவாக்காது என்றும் ஆவணமே கூறிவிடுகிறது. செயல்திட்டம் வகுக்க 60 நாட்களுக்குள் கூடுவதாகச் சொன்னார்கள். 28ஆம் நாள் காஸாப் போர் மூண்டது. பெயர் கூறாது விடப்பட்ட மக்களின் பிரச்சினையே திட்டத்தின் முதல் தடையாயிற்று.

நம் கரையின் வரலாற்றில் வேறு வகையான உடன்பாடு ஒன்று உண்டு. மஅபர் என அரபியர் அழைத்த பாண்டிய நாட்டுக்குக் கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகள் அனுப்பினார் என்கிறார் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப். ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார். கடல் வழியில் குதிரை மாண்டாலும் அரச கருவூலம் அதன் விலையைத் தர வேண்டும். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் காயல் உள்ளிட்ட துறைமுகங்களைப் பாண்டியரின் சார்பில் நிர்வகித்தார்.

இதைப் பொற்காலமாக நாம் போற்ற வேண்டியதில்லை. அது போர்க் குதிரை வணிகம். கருவூலத்தை நிரப்பியவர்கள் குடிமக்கள். எனினும், இழப்பு யாருடையது என்ற கேள்விக்கு அந்த உடன்பாட்டில் விடை இருந்தது. புதுடில்லி ஆவணத்தில் அந்தக் கேள்வியே எழவில்லை.

அக்கேள்வியை எழுப்பும் வலிமை கூட்டமைப்புகளுக்கு உண்டு. ஐரோப்பா ஒன்றியமாகவே வந்தது. 1981இல் அமைந்த வளைகுடா ஒத்துழைப்பு மன்றமோ ஒரு தரப்பாக வரவில்லை. அதன் உறுப்பு நாடுகள் இரண்டு தனித்தனியே வந்தன. தெற்காசியாவின் சார்க் உச்சி மாநாடுகள் 2014 காத்மாண்டுவோடு நின்றுபோயின. அண்டை நாடுகளோடு அமர்ந்து பேசும் அவையை முடக்கிவிட்டு, கண்டம் கடந்த பாதைக்குக் கையொப்பமிடுவதில் நாம் பெருமை காண இயலாது.

பாதை தடைப்பட்டால் காப்பீட்டையும் தாமதத்தின் இழப்பையும் யார் ஏற்பது, பாதை செல்லும் நிலத்தின் மக்களுக்கு அதில் என்ன உரிமை என்பவை எழுத்தில் இடம்பெற வேண்டும். அதுவரை இந்த வழித்தடத்தின் இழப்பு, ஒப்பந்த மேசையில் இடமில்லாத தோல் வணிகர் மீதும் காஸாவின் குடிமக்கள் மீதுமே விழும்.