யாருக்கு அதிகாரம்? ஸ்ரீவில்லிபுத்தூர் – ராஜபாளையம் வட்டாரத்தில் ஆவிக்குரிய யுத்தம்

ராஜபாளையத்தில் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து வத்திராயிருப்புவரை, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர்களின் சுவர்களில் உபவாச ஜெபக் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளைப் பார்க்கலாம். நோய், கடன், குழந்தையின்மை என்று அடுக்கிவரும் வரிசையில் பில்லிசூனியமும் செய்வினையும் தவறாமல் இடம்பெறும். ‘ஆவிக்குரிய யுத்தம்’ என்று சபைகள் சொல்வது இதைத்தான்: உலகத்தில் தீய ஆவிகள் செயல்படுகின்றன, கிறிஸ்து அவற்றைச் சிலுவையில் வென்றுவிட்டார், அந்த வெற்றியின் பேரில் ஒவ்வொரு விசுவாசிக்கும் அவற்றைக் கட்டளையிட்டுத் துரத்தும் அதிகாரம் இருக்கிறது. லூக்கா 10, மாற்கு 16, எபேசியர் 6 ஆகிய மூன்று அதிகாரங்களையும் அறியாத பெந்தெகொஸ்தே விசுவாசியை இந்தப் பக்கம் காண்பது அரிது.

இந்த நம்பிக்கையை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டு விளக்கங்களுள் ஒன்றைக் கைக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து புத்தகமாகவும் தொலைக்காட்சியாகவும் வந்திறங்கிய சரக்கு என்பது ஒன்று. நம் கிராமத்துப் பேய் நம்பிக்கை சிலுவை போட்டுக்கொண்டு நிற்கிறது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இந்த வட்டாரத்தின் வரலாற்றை வைத்துப் பார்த்தால் இரண்டுமே ஒரு கேள்வியைத் தவறவிடுகின்றன. பிசாசு இருக்கிறதா என்பது இங்கே ஒருபோதும் சண்டைக்குரிய விஷயமாக இருந்ததில்லை. அதை எதிர்க்கும் உரிமை யாருக்கு என்பதுதான் சண்டை. பட்டம் பெற்ற குருவுக்கா, வெள்ளைக்கார ஐயருக்கா, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூலிக்காரிக்கா?

இந்தக் கேள்விக்கு வத்திராயிருப்புப் பக்கத்தில் ஒரு பழைய வரலாறு உண்டு. திருநெல்வேலிச் சீமையில் 1810இல் பிறந்த ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற சகோதரர் சபைக்காரரின் தொடர்பு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. பட்டம் பெற்ற போதகர் என்று தனியாக ஒருவர் தேவையில்லை, விசுவாசிகள் கூடினால் அவர்களே அப்பம் பிட்கலாம், ஊழியத்துக்கு மிஷனிடமிருந்து மாதச் சம்பளம் வாங்கக் கூடாது என்பவை குரோவ்ஸின் கொள்கைகள். அருளப்பன் இவற்றை ஏற்று, எந்த மிஷனின் சம்பளப் பட்டியலிலும் சேராமல், 1840களில் வத்திராயிருப்புக்கு அருகே கிறிஸ்தியான்பேட்டை என்ற ஊரை உருவாக்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர் அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் பிரிந்தது.

1860இல் இந்தப் பேட்டையிலும் சுற்று ஊர்களிலும் பெரும் எழுப்புதல் ஒன்று மூண்டது. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், மார்பில் அடித்துக்கொண்டு பாவங்களை அறிக்கையிட்டார்கள். சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள், சிலர் தரிசனம் கண்டார்கள், சிலர் அந்நிய பாஷை பேசினார்கள். பெண்கள் இதில் முன்னே நின்றார்கள். சர்ச் மிஷனெரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) சபைகளுக்கும் அது பரவியது. ஆஷ்டன் டிப் என்ற சி.எம்.எஸ். மிஷனெரி அதே ஆண்டில் வடதிருநெல்வேலி எழுப்புதலைப் பற்றி லண்டனுக்கு எழுதிய அறிக்கை அச்சில் வந்தது. அருளப்பனின் நாட்குறிப்புகளை ஜி. எச். லாங் 1939இல் நூலாக்கினார். உலகப் பெந்தெகொஸ்தே வரலாற்றின் தொடக்கமாக வழக்கமாகச் சொல்லப்படும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருக் கூட்டம் நடந்தது 1906இல். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே வத்திராயிருப்பில் இது நடந்திருக்கிறது. அமெரிக்கச் சரக்கு என்ற விளக்கம் இந்த இடத்தில் இடறுகிறது.

மிஷனெரிகள் இதைக் கண்டு ஒரே மனதாக மகிழவில்லை. சிலர் ஆவியானவரின் செயல் என்று ஒப்புக்கொண்டார்கள், சிலர் அஞ்சினார்கள். அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள, 11 ஆண்டுகளுக்கு முன் 1849இல் மிஷனெரி கால்டுவெல் எழுதிய நூலை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றிய அந்த நூல் சாதி இழிவுக்காகப் பின்னாளில் நாடார் சமூகத்தின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதில் அவர் மிக விரிவாக எழுதியவற்றுள் ஒன்று பேயாட்டம். வில்லும் பறையும் முழங்க, சாமி இறங்கியவர் உடல் உதறி ஆடுவதையும் குறி சொல்வதையும் பிசாசு வழிபாடு என்றே அவர் எழுதினார். இப்போது அதே சீமையில் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவர்களே உடல் உதறி விழுகிறார்கள், வருவதுரைக்கிறார்கள். இது எந்த ஆவி? பகுத்துச் சொல்ல வேண்டியவர் யார்? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய கேள்வி வத்திராயிருப்பில் மறுபடி எழுந்தது. கிறிஸ்தியான்பேட்டையில் இதற்குச் சபையே பதில் சொன்னது, பேராயர் அல்ல. இந்த வட்டாரத்து ஆவிக்குரிய யுத்தத்தின் அடித்தளம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

அருளப்பனின் வழியில் வந்த தாக்கம் மலைக்கு அப்பால் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே 1870களில் எழுந்த எழுப்புதலின் ஒரு கிளை, 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று அறிவித்து ஏமாந்தது. பகுத்தறிய ஆளில்லாத அதிகாரம் எங்கே போய் முட்டும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் தேவையில்லை.

அடுத்தது கோடாங்கி. தென் மாவட்டங்களில் பேய் பிடித்தவரை முதலில் அழைத்துப்போவது உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியிடம்தான். கிறிஸ்தவக் குடும்பங்களும் இருட்டிய பிறகு போயிருக்கின்றன. இந்த முறையைத் தமிழ்நாட்டில் நெருங்கி ஆராய்ந்தவர் இசபெல் நபோகோவ். செஞ்சிப் பகுதியில் அவர் செய்த கள ஆய்வு 2000இல் நூலாக வந்தது. அவர் கண்ட பேய்கள் பெரும்பாலும் அகால மரணமடைந்த, ஆசை நிறைவேறாத ஆண்களின் ஆவிகள். அவை பிடிப்பது புதிதாகக் கல்யாணமான பெண்களை. பேயோட்டி உடுக்கை அடித்து, அதைப் பேசவைத்து, யாரென்று சொல்லவைத்து, கேட்பதைக் கொடுத்து, அந்தப் பெண்ணின் ஒரு கற்றை முடியை மரத்தில் ஆணியடித்து அனுப்பிவைக்கிறார். பேரம் பேசி முடிக்கும் வேலை அது.

சபையில் நடப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் புரியும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், தகரக் கூரை, கீழே விரித்த ஜமுக்காளம். பாடல் உச்சத்துக்குப் போகும்போது ஒரு பெண் தலைவிரித்து ஆடத் தொடங்குவாள். உடனே இரண்டு மூன்று பெண்கள் எழுந்து வருவார்கள். ஒருவர் தலை தரையில் மோதாமல் பிடித்துக்கொள்வார், ஒருவர் விலகும் சேலையைச் சரிசெய்வார். பாஸ்டர் எண்ணெய் தொட்டுத் தலையில் கைவைத்து, இயேசுவின் நாமத்தில் கட்டளையிட்டு வெளியே போகச் சொல்வார். படையல் இல்லை, என்ன வேண்டும் என்ற கேள்வி இல்லை. பேயின் பெயரைக் கேட்கலாமா என்பதில் பாஸ்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பிசாசு பொய்யன், அதோடு பேச்சு எதற்கு என்பவர்கள் நான் பார்த்தவரை அதிகம். ‘நான் கிணற்றில் விழுந்து செத்த முருகன்’ என்று அது சொன்னாலும் பாஸ்டர் ஏற்கமாட்டார். செத்தவர் திரும்பி வருவதில்லை, செத்தவர் வேஷத்தில் வந்த அசுத்த ஆவி என்பார். அடங்கியதும் அந்தப் பெண்கள் தண்ணீர் கொடுத்து, தலைமுடியை முடிந்துவிட்டு, அவளுடைய பெயரைக் கேட்பார்கள். அவள் தன் பெயரைச் சொன்னால் விடுதலை என்று அர்த்தம்.

ஆக, கிராமத்துப் பேய் நம்பிக்கையே வேஷம் மாறி நிற்கிறது என்பதும் முழுமையான விளக்கமல்ல. பிடித்தது பேய் என்பதில் கோடாங்கியும் பாஸ்டரும் ஒத்துப்போகிறார்கள். பேய் யார், அதனிடம் என்ன செய்ய வேண்டும், செய்யத் தகுதி யாருக்கு என்ற மூன்றிலும் பிரிகிறார்கள். மூன்றாவதுதான் முக்கியம். கோடாங்கியின் தகுதி பரம்பரையாகவோ தெய்வத்தின் தனி அருளாகவோ வருவது. தலையைத் தாங்கிப் பிடித்த அந்தப் பெண்களுக்கும் பாஸ்டருக்கு உள்ள அதே அதிகாரம் உண்டு என்பது சபையின் போதனை.

பேய்ப் பயத்துக்குப் பதில் சொல்லும் இந்த இடத்தைப் பிரதான சபைகள் காலியாக விட்டன. சென்னைப் புராட்டஸ்டண்டுகளை ஆராய்ந்த லயனல் கேப்லன் 1980களில் இதைத் தெளிவாக எழுதினார்: இறையியல் கல்லூரியில் படித்த குருமார் பேயையும் சூனியத்தையும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கினார்கள், ஆனால் பீடத்துக்குக் கீழே இருந்தவர்களின் பயம் அப்படியே இருந்தது, அந்தப் பயத்தை மதித்துப் பதில் சொன்னவர்களிடம் அவர்கள் போனார்கள். இதே ஓட்டையை 1982இல் வேறு கோணத்தில் சுட்டிக்காட்டியவர் பால் ஹீபர்ட். அவர் தெலுங்கு நாட்டில் மெனோனைட் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்து அங்கேயே ஊழியம் செய்தவர். மேலே கடவுள், கீழே விஞ்ஞானம் என்ற இரண்டே தளங்களோடு வந்த மேற்கத்திய மிஷனெரிக்கு, நடுவில் இருக்கும் ஆவி, சூனியம், கண்ணேறு ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்பது அவர் வாதம். அமெரிக்க இறையியல் கல்லூரிகளில் பெரிதாகப் பேசப்பட்ட அந்தக் கட்டுரையின் வேர் இந்தியக் கிராமத்து அனுபவத்தில் இருக்கிறது. இதைச் சேர்த்துப் பார்த்தால் எது எங்கிருந்து எங்கே போனது என்ற கணக்கு தலைகீழாகிறது. தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் வரலாற்றை எழுதிய மிகாயேல் பெர்குண்டரும் ஒற்றைத் தோற்றக் கதையை நம்புவதில்லை.

மேற்கிலிருந்து வந்தவையும் உண்டு. ‘விசுவாசியின் அதிகாரம்’ என்ற போதனையை வடிவாக்கியவர் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலும் ஊழியம் செய்த கனடாக்காரர் ஜான் மேக்மில்லன். 1932இல் அவர் எழுதிய தொடர், பிறகு கென்னத் ஹேகினின் கையில் ஜனரஞ்சகமாகி உலகமெங்கும் போனது. நம்மிடம் தினகரன், மோகன் சி. லாசரஸ் போன்ற பிரசங்கிகளின் பெருங்கூட்டங்களும் இதழ்களும் இந்த மொழியை வீட்டுக்கு வீடு பழக்கமாக்கின. இதில் பெரிய குறையேதும் எனக்குத் தெரியவில்லை. குறை 1990களில் பீட்டர் வாக்னர் பரப்பிய பிரதேச ஆவிகள் என்ற கருத்தில் இருக்கிறது. ஊருக்கு ஊர் ஆளுகிற ஆவி உண்டு, அதன் பெயரைக் கண்டுபிடித்து வரைபடம் போட்டுக் கட்ட வேண்டும் என்பது அது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றுகொண்டு இதைச் சொல்லிப் பாருங்கள். ஆண்டாள் பிறந்த ஊர். பக்கத்தில் சதுரகிரி, அமாவாசைக்கு ஆயிரக்கணக்கானோர் மலையேறும் இடம். வரைபடத்தில் குறிக்கப்படுவது ஆவியல்ல, பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடும் கோவில். ஒருத்தியைத் துன்பத்திலிருந்து விடுவிப்பதற்காகத் தரப்பட்ட அதிகாரம், அடுத்த வீட்டுக்காரர்மேல் திரும்பும் சொல்லாகிவிடுகிறது.

இந்த எச்சரிக்கை சுவிசேஷ இயக்கத்துக்குள்ளிருந்தே வந்தது என்பதை நம் சபைகள் அறிய வேண்டும். 1993இல் லண்டனில் கூடிய லோசான் இயக்கத்தின் குழு, இப்படிப் போனால் நாம் புறமத உலகப் பார்வைக்கே திரும்பிவிடுவோம் என்றும், போர் மொழியைப் பிற சமயத்தார் வன்முறையாகவும் அரசியலாகவும் புரிந்துகொள்வார்கள் என்றும் எழுதியது. 2000இல் நைரோபியில் இதற்கென்றே தனிக் கலந்தாய்வு நடந்தது. யூதா நிருபத்தில் மிகாவேல் தூதனே பிசாசைத் தூஷித்துத் தீர்ப்புச் சொல்லத் துணியவில்லை என்று வருவதை மேடைப் பிரசங்கத்தில் கேட்க நேர்வதில்லை. லூக்கா 10இல் அதிகாரம் கொடுத்த அடுத்த வசனத்திலேயே, ஆவிகள் கீழ்ப்படிவதற்காகச் சந்தோஷப்படாதீர்கள் என்று இயேசு சொல்வதும் அப்படியே.

கத்தோலிக்கத் திருச்சபையின் ஏற்பாடு வேறு. திருச்சபைச் சட்டம் 1172இன்படி ஆயரின் தனி அனுமதி பெற்ற குருவானவர் மட்டுமே முறைப்படி பேயோட்டலாம். ஆனால் புளியம்பட்டி அந்தோனியார் கோவிலுக்குச் செவ்வாய்க்கிழமை போகிறவர்கள் அனுமதிச் சீட்டோடு போவதில்லை. அங்கே ஓட்டுகிறவர் புனிதர், ஆயரைக் கேட்கத் தேவையில்லாதவர். மாதா இறங்கிப் பேசும் தமிழ்ப் பெண்களைப் பற்றி கிறிஸ்டின் புளூமர் 2018இல் எழுதிய நூலும் அதிகாரம் கையை விட்டு நழுவும் இந்த இடத்தையே ஆராய்கிறது.

பேய் என்று வருகிற எல்லாமே பேய் அல்ல என்பதைச் சபை துணிந்து சொல்ல வேண்டும். திண்டுக்கல் பக்கம் ஒரு முத்துசாமி கோவிலில் தங்கிய மனநோயாளிகள் 31 பேரை ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரம் தங்கியவர்களுக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அவர்கள் கண்ட காரணம் பரிகாரச் சடங்கல்ல, பரிவோடு ஏற்றுக்கொண்ட இடம். ஜெபக் கூட்டத்தில் அந்தப் பெண்கள் செய்வதில் பெரும்பகுதி இதுதான், அதை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். அதே நேரம், மாத்திரையை நிறுத்தச் சொல்வது விசுவாசமல்ல, கொடுமை. மனநோயாளியைச் சங்கிலியிடுவது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி குற்றம். மருத்துவமனைக்கும் அழைத்துப்போய், வந்து ஜெபமும் செய்கிற பாஸ்டர்களே இந்த வட்டாரத்தில் வளர வேண்டியவர்கள்.

அதிகாரத்தைப் பற்றிய கேள்வி பெண்களிடம் வந்துதான் இன்னும் நிற்கிறது. கிறிஸ்தியான்பேட்டை எழுப்புதலில் அவர்கள் முன்னே நின்றார்கள். இன்றும் உபவாசம் இருப்பது, பேய் பிடித்தவளைத் தாங்குவது, விடுதலையான பிறகு வெறுமையான வீட்டுக்கு ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பிவிடும் என்ற இயேசுவின் உவமையை மனதில் வைத்து, வாரம் தவறாமல் அவள் வீட்டுக்குப் போய் ஜெபிப்பது எல்லாம் அவர்களே. சி.எஸ்.ஐ. திருச்சபை 1970களிலேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. பிசாசைத் துரத்த விசுவாசி என்ற தகுதி போதும் என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை, அதே பெண் ஞானஸ்நானம் கொடுக்கவும் திருவிருந்து பரிமாறவும் இன்னும் இடம் தரவில்லை. இந்த வட்டாரத்துச் சபைகளைப் பற்றி அடுத்து எழுதப்படும் ஆய்வு பாஸ்டரின் மைக்கை விட்டுவிட்டு, அந்தப் பெண்களின் வாய்மொழியிலிருந்து தொடங்க வேண்டும்.