பெட்டிப் படகும் பெயர்ப்பட்டியலும்: டான்யூப் சுவாபியரின் மூதாதையர் தேடல் நூல்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நிலப்பகுதிகளிலிருந்து டான்யூப் ஆற்றின் வழியாகப் பனாத் முதலிய பகுதிகளுக்குச் சென்று குடியேறியோரின் வழித்தோன்றல்கள், தம் முன்னோரைத் தேடித் தொகுத்த நூல்கள் பலவாகும். அவை ஆவணத் திரட்டுகளாகவே பயன்படுத்தப்பட்டு வருகின்றன. இக்கட்டுரை அவற்றைப் பனுவல்களாக வாசித்து, அவை யாரை முன்னோராக ஏற்கின்றன, யார் அவற்றில் இடம்பெறாது போகின்றனர், அதற்குக் காரணம் யாது என்பனவற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: டான்யூப் சுவாபியர், பனாத், குடியேற்றம், ஊர்க் குடும்ப நூல், ஆவணம், நினைவு

முன்னுரை

1718இல் ஏற்பட்ட பாசரோவிட்ஸ் உடன்படிக்கையால் பனாத் நிலப்பகுதி ஒட்டோமான் பேரரசிடமிருந்து ஹாப்ஸ்பர்க் அரசின் கைக்கு வந்தது. போராலும் நோயாலும் மக்கள்தொகை குறைந்திருந்த இவ்வெல்லைப் பகுதியில் வரி செலுத்தும் உழவர்களைக் குடியமர்த்துவது வியன்னாவின் கொள்கையாயிற்று. ஆறாம் சார்லஸ், மரியா தெரேசா, இரண்டாம் ஜோசப் ஆகியோர் காலங்களில் மூன்று பெருங்குடியேற்றங்கள் நிகழ்ந்தன. குடியேறிகளுள் பலர் உல்ம் நகரில் படகேறினர். தட்டையான அடிப்பகுதியுடன் பலகைகளால் அமைந்த அப்படகு நீரோட்டத்தோடு கீழ்நோக்கிச் செல்வதற்கே உரியது. சேருமிடத்தில் பெரும்பாலும் பிரிக்கப்பட்டு மரமாக விற்கப்பட்டது. ‘உல்மர் ஷாக்டல்’, அதாவது ‘உல்ம் பெட்டி’ என்பது ஏளனமாகத் தோன்றிய பெயர். இன்று அதுவே ஓர் இனக்குழுவின் பெருமிதச் சின்னமாக விளங்குகிறது. ஏளனப் பெயர் சின்னமாக உயர்ந்த வரலாற்றை அறியாமல் மூதாதையர் தேடல் நூல்களை மதிப்பிட இயலாது.

நினைவின் காலம்

‘டான்யூப் சுவாபியர்’ என்னும் தொடர் 1920களின் தொடக்கத்தில் புவியியலாளரால் உருவாக்கப்பட்டது. முதற்குடியேறிகளுக்கு அப்பெயர் தெரியாது. அவர்களுள் பெரும்பகுதியினர் சுவாபியாவைச் சேர்ந்தவரும் அல்லர். லோரேன், பாலட்டினேட், அல்சேஸ், ஹெஸ்ஸே, லக்சம்பர்க் எனப் பல பகுதியினர். அண்டை மக்கள் அனைவரையும் ஒரே பெயரால் அழைத்தமையால் ‘சுவாபியர்’ பொதுப்பெயராயிற்று.

குடியேற்றத்தின் காட்சிவடிவமும் பிற்காலத்தது. ஸ்டெஃபான் யேகர் குடியேறிகளின் வருகையை மூன்று பகுதிகளாகத் தீட்டிய ஓவியம் 1910இலும், ஆடம் முல்லர்-குட்டன்ப்ருன் முதற்குடியேற்றக் காலத்தை எழுதிய ‘சுவாபியரின் பெரும்பயணம்’ என்னும் நாவல் 1913இலும் வெளிவந்தன. இரண்டும் ஹங்கேரிய அரசின் மொழிமயமாக்கல் வலுத்திருந்த காலத்தில் பிறந்தவை. தம் மொழியும் பள்ளியும் நெருக்கடிக்குள்ளான ஒரு சமூகம், தான் வந்த கதையை ஒரே கதையாக ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பலமுறை, பல வழிகளில், பல காரணங்களுக்காக நிகழ்ந்த இடப்பெயர்வுகள் ஒரு மக்களின் ஒரே பயணமாகத் தொகுக்கப்பட்டன. இன்றைய வழித்தோன்றல் தேடலைத் தொடங்குவது பெரும்பாலும் இக்கதையைக் கையில் கொண்டே எனலாம்.

பட்டியலின் இயல்பு

தேடலின் முதன்மைச் சான்றுகள் இருவகையின. ஒன்று, வியன்னாவில் குடியேறிகளைப் பதிவுசெய்த அரசுப் பட்டியல்கள். ஃபிரான்ஸ் வில்ஹெல்ம், யோசெஃப் கால்ப்ரன்னர் ஆகியோர் 1930களில் இவற்றைத் தொகுத்து வெளியிட்டனர். மற்றொன்று, பங்குக் கோயில்களின் திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகள்.

அரசுப் பட்டியலில் குடும்பத் தலைவனின் பெயரும் புறப்பட்ட ஊரும் உள்ளன. மனைவியும் மக்களும் எண்ணிக்கையாக நிற்கின்றனர். எழுத்தர் வட்டார வழக்கைக் காதால் கேட்டு எழுதியமையால் ஊர்ப்பெயர்கள் சிதைந்துள்ளன. பங்குப் பதிவேட்டில் யொஹான்னெஸ் என இலத்தீனில் எழுதப்பட்ட பெயர், அதே குடும்பத்தின் பின்வந்த தலைமுறையில், 1895இல் ஹங்கேரிய அரசின் குடிமைப் பதிவு தொடங்கிய பின்னர், யானோஷ் ஆகிறது. ஊர்களுக்கும் இந்நிலையே. ஹட்ஸ்ஃபெல்ட், ஷொம்போயா, ஜிம்போலியா ஆகிய மூன்றும் ஒரே ஊரின் பெயர்கள்.

இவற்றைச் சீர்செய்வதில் தொகுப்பாளர்கள் காட்டும் உழைப்பு மதிக்கத்தக்கது. எனினும் அடிப்படையான ஒன்றை அவர்கள் கவனிப்பதில்லை. வழித்தோன்றல் தேடுவது ஒரு பயணியை. ஆவணம் தருவது வரி செலுத்தவிருக்கும் ஒரு குடியை. அரசு எண்ண விரும்பிய இடத்தில் மட்டுமே முன்னோர் தென்படுகின்றனர். அவர்களின் அச்சமும் விருப்பமும் பட்டியலில் இல்லை. அவ்வெற்றிடத்தை 1910களின் ஓவியத்தையும் நாவலையும் கொண்டு நிரப்புவதே இந்நூல்களின் முன்னுரைகளில் மரபாகிவிட்டது.

ஊர்க் குடும்ப நூல்: ஏற்பும் விடுபடலும்

இத்தேடலின் முழுமைபெற்ற வடிவம் ஊர்க் குடும்ப நூலாகும். ஓர் ஊரின் குடும்பங்களை அகர வரிசைப்படுத்தி, எண்ணிட்டு, தலைமுறைகளை இணைப்பது இதன் அமைப்பு. இவ்வகைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. நாஜி ஆட்சியில் வம்சாவளிச் சான்று கட்டாயமாக்கப்பட்ட 1930களில் ‘ஊர்க் குலநூல்’ என்னும் பெயரில் இத்தகைய நூல்கள் வரிசையாக வெளியிடப்பட்டன. பின்னாளில் ‘குலம்’ நீங்கிக் ‘குடும்பம்’ வந்தது. பெயர் மாறியது, அமைப்பு பெரிதும் மாறவில்லை.

இவ்வமைப்பு மூவகையினரை இடரில் ஆழ்த்துகிறது. முதலாவது, 1770களின் தொடக்கத்தில் செயிண்ட் ஹ்யூபர்ட், சார்ல்வில், சொல்டூர் ஆகிய ஊர்களில் குடியேறிய, பிரெஞ்சு பேசிய லோரேன் மக்கள். காலப்போக்கில் இவர்களின் சந்ததியினர் ஜெர்மன் பேசுவோராயினர். ‘ஜெர்மன் முன்னோர்’ என்னும் தலைப்பு இவர்களை ஏற்கும்போதே இவர்களின் மொழியை மறைத்துவிடுகிறது.

இரண்டாவது, ‘டெமெஷ்வார் நீர்வழி நாடுகடத்தலுக்கு’ ஆளானோர். 1744 முதல் 1768 வரை, பரத்தமைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்கள், நாடோடிகள், திருட்டு வேட்டையாடியோர் முதலியோர் வியன்னாவிலிருந்து ஆண்டுக்கு இருமுறை படகில் பனாத்துக்கு அனுப்பப்பட்டனர். அதே ஆறு, அதே திசை, அதே சேருமிடம். ஆயினும் இப்படகு எவருடைய சின்னமும் அன்று. இவர்களுள் ஒருத்தி பின்னர் மணமகளாகப் பங்குப் பதிவேட்டில் இடம்பெற்றாலும், அவள் எவ்வாறு வந்தாள் என்பதை எழுதும் கட்டாயம் பங்குத்தந்தைக்கு இல்லை.

மூன்றாவது, முன்பே அங்கு வாழ்ந்த செர்பியரும் ருமேனியரும். இந்நூல்கள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பதிவேடுகளை அடித்தளமாகக் கொண்டவை. அம்மக்களின் ஆர்த்தடாக்ஸ் பதிவேடுகள் தனியானவை. ஆகவே இவ்விடுபடல் தொகுப்பாளரின் காழ்ப்பால் நேர்ந்தது எனக் கொள்ள வேண்டியதில்லை. சான்றின் எல்லையே அதற்குக் காரணம். ஆனால் அவ்வெல்லை நூலில் சொல்லப்படாதபோது, குடியேறிகள் ஆளில்லா நிலத்திற்கு வந்தனர் என்னும் பழைய கற்பனை மீண்டும் உறுதிபெறுகிறது.

இந்நூல்களுக்கு ஆதரவாகக் கூறத்தக்கதும் உண்டு. 1945 சனவரியில் ருமேனியாவின் ஜெர்மானியர் பல்லாயிரவர் கட்டாய உழைப்புக்காகச் சோவியத் ஒன்றியத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். யூகோஸ்லாவியாவில் முகாம்களில் அடைக்கப்பட்டோர் பலர் உயிரிழந்தனர். ஊரையே இழந்தவர்களுக்கு ஊர்க் குடும்ப நூல் கல்லறைக்கு ஈடானது. அத்துயரைக் குறைத்து மதிப்பிடும் திறனாய்வு நேர்மையானதாகாது. ஆயினும் அச்சமூகத்தின் உள்ளிருந்தே எதிர்க்குரலும் எழுந்துள்ளது. பனாத்தின் நிட்ஸ்கிடார்ஃப் ஊரில் பிறந்த ஹெர்த்தா முல்லர் 1982இல் வெளியிட்ட முதல் நூலில் சுவாபியச் சிற்றூரின் இறுக்கத்தைக் காட்டியபோது, அவ்வூர்களின் வழிவந்தோர் பலர் சினமுற்றனர். குடும்ப நூல் பட்டியலிடும் வீடுகளுக்குள் பேசப்படாதவற்றை அவர் எழுதினார் என்பதே அச்சினத்தின் காரணம் எனலாம்.

முடிவுரை

மூதாதையர் தேடல் நூல்கள் தரும் செய்திகள் பெரும்பாலும் பயனுடையன. அவற்றை இணைக்கும் கதையே ஐயத்திற்குரியது. ‘ஜெர்மன் முன்னோர்’ என முடிவை முதலில் வைத்துச் சான்றுகளை அடுக்குவதற்கு மாறாக, ஒவ்வொருவருக்கும் முதலில் பதிவான இடம், பதிவுசெய்தவர், பதிவின் நோக்கம் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும். தோற்றம் அறியப்படாத இடத்தை வெற்றிடமாகவே விடுதல் வேண்டும். வியன்னாவின் தண்டனை ஆவணங்களும் ஆர்த்தடாக்ஸ் பதிவேடுகளும் உடன்வைத்துப் பார்க்கப்படுமாயின், உல்மிலிருந்து விரும்பிப் படகேறியவரும் வியன்னாவிலிருந்து கட்டாயத்தால் ஏற்றப்பட்டவரும் கரையில் முன்பே வாழ்ந்தவரும் ஒரே வரலாற்றில் இடம்பெறுவர். அவ்வாறு அமையும் குடும்ப நூலே, அம்மக்கள் உண்மையில் வாழ்ந்த ஊரின் நூலாக அமையும்.